வாவுக்கே பட்டையிலிருந்து கப்பா வரை

கப்பா கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே மூங்கில் அச்சைப் பற்றித்தான் கேட்பார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்கள் பார்த்து மயங்கியது அந்தப் பொடி முக்கோணங்களையும் சன்னக் கோடுகளையும்தானே, கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த அத்தியாயத்தில் அச்சு கடைசியில்தான் வரும், அதுவும் சுருக்கமாக. துணி தேறுமா தேறாதா என்பது கொட்டாப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. பாதி தோட்டத்தில், மீதி ஊறல் தொட்டியில்.

யாரிடம் கற்பது

கப்பா என்பது ஹவாய்த் தீவுகளின் மரவுரி. தறியும் இல்லை, நூலும் இல்லை. மரத்தின் உள்பட்டையை ஊறவைத்து, அடித்து, விரித்தால் துணி. ஆண்கள் இடுப்பில் கட்டிய மாலோ, பெண்கள் சுற்றிய பாவூ, தோளில் முடிந்துகொண்ட கிஹேய், பல அடுக்குத் தாள்களை ஒரே ஓரத்தில் தைத்த படுக்கை விரிப்பு எல்லாமே இதில்தான். மரம் வளர்ப்பதும் கருவி செதுக்குவதும் ஆண்கள் பொறுப்பு. அடிப்பதும் சாயமிடுவதும் பெண்கள் கை.

1778-இல் கேப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாய்க்கு வந்தபோது இந்தத் தொழில் உச்சத்தில் இருந்தது. குக்கின் பயணங்களில் பசிபிக் தீவுகளிலிருந்து சேர்ந்த மரவுரிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, அலெக்சாண்டர் ஷா 1787-இல் லண்டனில் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். பிறகு ஹவாய்ச் சந்தன மரத்துக்குச் சீனாவில் கிராக்கி ஏற்பட்டது. கப்பல் கப்பலாகக் கட்டை போயிற்று. பண்டமாற்றில் ஆலைத் துணி வந்தது. கப்பாவுக்கு மணமூட்டிய சந்தனமே கப்பாவை ஓரங்கட்டிய துணிக்கு விலையாகப் போனது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அடிக்கும் சத்தம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

ஆசிரியரைத் தேடும்போது இந்தக் கதை கை கொடுக்கும். பாட்டி சொல்லி அம்மாவும், அம்மா சொல்லி மகளும் கற்ற சங்கிலி நடுவில் அறுந்துபோயிற்று. 1970-களில் எழுந்த ஹவாய்ப் பண்பாட்டு மறுமலர்ச்சியை ஒட்டிய காலத்தில் மலியா சாலமன், புவானானி வான் டோர்ப் போன்ற பெண்கள் அதை மறுபடி கோத்தெடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த சான்றுகள் சில: அருங்காட்சியகத் துணிகள், சாமுவேல் கமகாவ் 19-ஆம் நூற்றாண்டு ஹவாய் மொழி நாளேடுகளில் எழுதிய கட்டுரைகள், டேவிட் மாலோவின் குறிப்புகள், பிஷப் அருங்காட்சியகம் 1911-இல் வெளியிட்ட வில்லியம் பிரிகமின் பெரிய நூல். எழுத்தில் இல்லாததை அடித்து அடித்துப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதனால் இன்று இரண்டு ஆசிரியர்கள் ஒரே மாதிரி சொல்லமாட்டார்கள். ஒருவர் கடல்நீரில் ஊறவைப்பார், இன்னொருவர் குழாய்த் தண்ணீரே போதும் என்பார், மூன்றாமவர் முதல் அடியையும் இரண்டாம் அடியையும் ஒன்றாக்கிவிடுவார். எது அசல் என்று விசாரித்துப் பொழுதைப் போக்காதீர்கள். ஒருவரிடம், மரத்திலிருந்து சுருட்டி வைப்பது வரை, ஒரு சுற்று முழுதாக முடியுங்கள். ஒப்பிடுவது அதற்குப் பிறகு.

ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உங்களிடம் மரம் இருக்கிறதா?" சுற்றுலாப் பயணிகளுக்கான இரண்டு மணி நேர வகுப்புகளில், ஊறிப் பதமான பட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தட்டினால் விரியும், மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் கற்க வேண்டிய வேலையில் பெரும்பகுதியை வேறு யாரோ முடித்துவைத்திருப்பார்கள். ஹவாய்ப் பெருந்தீவின் வைமேயாவில் மேரி மெக்டொனால்டும் அவர் மகள் ரோன் ஹஃபர்டும் தங்கள் பண்ணையிலேயே மரம் வளர்த்துக் கப்பா அடித்தவர்கள். ஹஃபர்டுக்கு 2023-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. தாயும் மகளும் தோட்டத்திலிருந்தே தொடங்கியவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

வகுப்பில் சேருமுன் ஹொனலூலுவில் 1889-இல் நிறுவப்பட்ட பிஷப் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. அலங்காரத்தை விட்டுவிட்டு, துணியின் ஓரத்தையும் சாயம் ஏறாத பகுதிகளையும் பாருங்கள். எவ்வளவு மெல்லியது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், எங்கே கண் விழுந்திருக்கிறது என்று தேடுங்கள்.

மரம்

வாவுக்கே என்பது காகித மல்பெரி மரம். ஜப்பானில் கைக்காகிதத்துக்கு உரிக்கும் கோசோ இதன் நெருங்கிய உறவு. பாலினேசியர்கள் தோணியில் கன்றாக எடுத்துவந்து ஹவாயில் நட்டார்கள். அங்கே இது விதை போடுவதில்லை. வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டால்தான் உண்டு. ஆகவே முதல் வேலை, ஏற்கெனவே வளர்ப்பவர் ஒருவரிடம் போய்க் கன்று கேட்பது. கேட்டு வாங்க வேண்டும். வேலி ஓரமாகத்தானே நிற்கிறது என்று பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. வாங்கினால் அவர் தோட்டத்தில் ஒரு நாள் களை எடுத்துக் கொடுங்கள்.

ஈரம் தங்கும் மண், காற்று அடிக்காத இடம் வேண்டும். காற்றில் ஆடி ஒன்றோடொன்று உரசும் தண்டுகளில் பட்டை காயப்படும். இரண்டு மூன்று அடி இடைவெளியில் நெருக்கியே நடுங்கள். நெருக்கத்தில் வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே போகும், அகலப் படராது. நமக்கு வேண்டியது நிழல் தரும் மரம் அல்ல, கணு இல்லாத நீளத் தண்டு.

கன்று இடுப்புயரம் வந்ததிலிருந்து கிள்ளும் வேலை ஆரம்பம். ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு பச்சை மொட்டு தலைகாட்டும். அரிசி மணி அளவில் இருக்கும்போது கட்டைவிரலால் தேய்த்தாலே விழுந்துவிடும். கொஞ்சம் பால் கசியும், தழும்பு பிறகு மறைந்துபோகும். பென்சில் கனத்துக்கு விட்டுவிட்டால் கத்தி எடுக்க வேண்டும், உள்ளே கணு விழும், அடிக்கும்போது அந்த இடம் ஓட்டையாகத் திறக்கும். தலைக்கு மேலே போய்விட்ட தண்டை வளைத்துக் கிள்ளுங்கள், ஒடித்துவிடாதீர்கள். வாரம் ஒரு சுற்று வந்தால் போதும், ஆனால் எந்த வாரத்தையும் விடக்கூடாது. கப்பா தயாரிப்பில் மிகவும் சலிப்பான வேலை இதுதான். பலர் இங்கேயே கழன்றுகொள்வார்கள்.

ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தண்டு ஆளைவிட உயர்ந்து, ஒன்றிலிருந்து இரண்டு அங்குலக் கனம் வரும். அதுதான் பதம். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று காத்திருந்தால் பட்டை முற்றி முரடாகிவிடும். அடியோடு வெட்டினால் வேரிலிருந்து புதுக் கன்றுகள் கிளம்பும்.

ஊருக்குக் கொண்டுபோய் நடலாமே என்று தோன்றும். ஆனால் ஆண், பெண் இரண்டு வகையும் வந்துசேர்ந்த கானா, பாகிஸ்தான் போன்ற நாடுகளில் காகித மல்பெரி விதை போட்டு அடங்காத களையாகிவிட்டது. தாவரத் தடைக்காப்பு அனுமதி இல்லாமல் ஒரு வேர்த்துண்டைக்கூடப் பெட்டியில் போடாதீர்கள். ஹவாய்க்கு வெளியே இருந்து பழகுகிறவர்களுக்கு எளிய வழி, கைக்காகிதம் செய்பவர்களுக்கு விற்கும் உலர்ந்த கோசோப் பட்டையை வாங்குவது. பச்சைப் பட்டையின் சொகுசு அதில் இருக்காது, ஆனால் அடிக்கும் கை பழகும். ஹவாயிலேயே வேறு பட்டைகளும் உண்டு. இன்று தேயிலை போலக் காய்ச்சிக் குடிக்க விற்கும் மாமகியின் பட்டையில் பழுப்புக் கப்பா வரும்; ஈரப்பலாவின் இளங்கிளையும் உதவும். வாவுக்கேயின் வெண்மையும் மென்மையும் மட்டும் அவற்றில் வராது.

உரிப்பதும் சுரண்டுவதும்

வெட்டிய அன்றே உரித்துவிடுங்கள். தண்டு காய ஆரம்பித்தால் பட்டை கட்டையைப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து நுனிவரை நேராக ஒரே கீறல், கட்டையைத் தொடும் ஆழம் வரை. அடியில் கத்தி முனையால் ஒரு ஓரத்தை நெம்பிக் கட்டைவிரலை உள்ளே விட்டால், சாறு ஓடும் பருவத்தில் பட்டை முழுசாகக் கழன்று வரும். உள்ளே வழவழவென்று வெள்ளைக் கட்டை மிஞ்சும். சுருளப் பார்க்கும் பட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிச் சுருட்டிச் சற்று நேரம் வைத்தால் படியும்.

அடுத்தது, பச்சையும் பழுப்புமான வெளித்தோலை நீக்குவது. பலகையில் வெளிப்புறம் மேலே இருக்கும்படி விரித்து, அந்தக் காலத்தில் ஒப்பிஹி என்ற கடல்சிப்பியின் விளிம்பால் சுரண்டினார்கள். இன்றும் சிப்பிக்கு ஈடு இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். மழுங்கிய கத்தியும் போதும், கூர் மட்டும் ஆகாது. அழுத்தம் முழங்கையிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டிலிருந்து வந்தால் அலை அலையாகக் கீறும். பச்சைத் தோல் ஈரச் சுருளாகக் கழன்று வரும். அடியில் தந்த நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் சுரண்டினால் போவது துணிதான். பழுப்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தால்கூட, பட்டை விரிய விரிய அதுவும் விரிந்து கறையாக நிற்கும். வெள்ளைத் துணி வேண்டுமென்றால் தேட வேண்டியதை இப்போதே தேடி எடுங்கள்.

இரண்டு ஊறல், இரண்டு அடி

பசிபிக்கின் பல தீவுகளில் மரவுரி அடிப்பார்கள். சாமோவாவிலும் டோங்காவிலும் தாள்களைக் கிழங்குப் பசையால் ஒட்டிப் பெரிதாக்குவார்கள். ஹவாய்க்காரர்கள் பட்டையைப் புளிக்கவைத்து, நாரை நாரோடு அடித்தே இணைத்தார்கள். கப்பாவின் மென்மைக்குக் காரணம் இந்தப் புளிப்புதான்.

முதல் ஊறல் கடல்நீரில், ஏறக்குறைய ஒரு வாரம். கடல் தூரமென்றால் வாளித் தண்ணீரில் உப்புப் போடுங்கள். பிறகு பட்டடைக் கல்லின்மேல் உருண்டைக் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். ஹோஹோவா என்று பெயர். இதற்கு நளினமெல்லாம் வேண்டாம், பட்டை தளர்ந்து அகன்றால் போதும். அகன்ற நாடாவை வெயிலில் வெளுக்கவிட்டுக் காயவையுங்கள். இப்படிக் காய்ந்த நாடாக்களுக்கு மோவோமோவோ என்று பெயர்; கட்டிவைத்தால் நெடுநாள் கெடாது. அறுவடை ஒரு பருவம், அடிப்பது இன்னொரு பருவம் என்று வேலையைப் பிரித்துக்கொள்ள இதுவே வசதி. இடத்தைச் சுத்தமாக வையுங்கள், பூச்சி வரும்.

காய்வதற்கு வெயில் போதாது என்ற புலம்பல் பழையது. ஹவாய்ப் புராணத்தில் ஹினா காயப்போட்ட கப்பா ஈரமாகவே கிடக்கிறதென்று அவள் மகன் மாவுயி, ஹலேயாகலா மலையேறிக் கயிற்றால் சூரியனைப் பிடித்து மெதுவாகப் போகச் சொன்னதாகத்தான் கதை. மழைக்காலத்தில் தொடங்காதீர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இரண்டாம் ஊறல்தான் கத்திமுனை. நாடாக்களை நல்ல தண்ணீரில் நனைத்து, வாழையிலையில் பொதிந்து, நிழலில் வைத்துப் புளிக்கவிட வேண்டும். மூடிய வாளியும் ஆகும். நாரோடு நாரைக் கட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நுண்ணுயிர்கள் தின்னும். நார் தனித்தனியாகத் தளரும். எத்தனை நாள் என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. பத்து நாள் என்பது தொடக்கக் கணக்கு. வெக்கையில் முந்தும், மலைக்குளிரில் பிந்தும். தோசை மாவு பொங்கியதைக் கடிகாரம் பார்த்தா சொல்கிறோம்? மூடியைத் திறந்து மூக்காலும் விரலாலும்தான் சொல்ல வேண்டும். வாடை புளிப்பாக இருக்க வேண்டும், அழுகலாக இருக்கக்கூடாது. தொட்டால் வழுக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சிட்டிகை கிள்ளி இரண்டு விரலுக்கிடையில் இழுத்துப் பாருங்கள். கயிறு போல விறைத்தால் இன்னும் நாள் இருக்கிறது. பஞ்சு போலப் பிரிந்து, நீளநீள நாராக இழை விட்டால் பதம். நாரே அறுந்து கூழாக வந்தால் கடந்துவிட்டது. அதை எறியாமல் ஒட்டுப் போட வைத்துக்கொள்ளுங்கள். வாளியைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் அடிக்குப் பட்டடைக் கட்டை வேண்டும். நீளமான கடின மரம், மேற்புறம் தட்டையாக இழைத்து, அடிப்புறத்தில் நீளவாக்கில் குடைந்திருப்பார்கள். குடைவினால் அடி எதிரொலித்துக் கணீரென்று கேட்கும். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு இந்தச் சத்தத்திலேயே பெண்கள் சேதி சொல்லிக்கொண்டார்கள் என்பார்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. கட்டையின் முன் சம்மணமிட்டு உட்காருங்கள். மேற்பரப்பு தொப்புள் உயரத்துக்கு மேலே வந்தால் தோள் சீக்கிரமே இறங்கிவிடும்.

கொட்டாப்புளி இப்போது சதுரம், பெயர் இயேகுக்கு. பழையவை கவிலா என்ற இரும்பு போன்ற மரத்தில் செய்தவை. நான்கு முகத்திலும் வேறு வேறு செதுக்கல்: ஒன்றில் அகன்ற வரிப்பள்ளம், அடுத்ததில் நெருக்க வரி, அதற்கடுத்ததில் இன்னும் நெருக்கம், கடைசி முகத்தில் கோலம். வரிகள் கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி நீளவாக்கில் ஓடும். அந்த மேடு ஒவ்வொன்றும் நாரைப் பக்கவாட்டில் தள்ளுவதால் பட்டை அகலத்தில்தான் வளரும், நீளத்தில் அல்ல. அகல வரியில் தொடங்கி முறைப்படி முகம் மாற்றுங்கள். அவசரப்பட்டு நெருக்க வரிக்குத் தாவினால் நார் அசையாது, மேலே மழுங்கும்.

நிழலில் அடியுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். பட்டை எந்த நேரமும் ஈரமாக இருக்க வேண்டும், மிதக்கக் கூடாது. கொட்டாப்புளி தன் கனத்திலேயே விழட்டும், நீங்கள் தூக்கிக் கொடுத்தால் போதும். முகம் முழுவதும் தட்டையாக விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் வெட்டிவிடும். அடி வரிசையாக நகரட்டும், ஒவ்வொன்றும் முந்தையதன் ஓரத்தைத் தொட்டபடி.

இரண்டு நாடாக்களை இணைக்க ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக விரலகலம் ஏற்றுங்கள். ஏற்றத்தின் நடுவில் தொடங்கி இருபுறமும் வெளிநோக்கி அடித்துக்கொண்டு போனால், முதலில் தடித்த கோடாகத் தெரிவது மெல்ல மெல்லக் கரையும். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கோடு தெரியாவிட்டால் ஊறல் சரி. எவ்வளவு அடித்தும் ஓரம் எழும்பி நின்றால் குறை கையில் இல்லை, வாளியில். இன்னும் சில நாள் ஊறட்டும். ஓட்டைகளையும் இப்போதே மூடலாம். பதம் கடந்ததென்று எடுத்துவைத்த கூழில் ஒரு சிட்டிகை எடுத்து வைத்து நாலு தட்டு.

துணி சமமானபின், ஈரம் இருக்கும்போதே, கோலம் செதுக்கிய முகத்தால் கடைசி வரிசை. வெயிலுக்கெதிரே பிடித்தால் துணிக்குள்ளேயே வலைக்கண்ணோ சுறாப்பல்லோ தெரியும். இந்த வாட்டர்மார்க்தான் ஹவாய்க் கப்பாவின் முத்திரை. அடி கொஞ்சம் விலகினாலும் கோலம் இரட்டையாகத் தெரியும் என்பதால், முதல் துணியில் இதை விட்டுவிடுவதே புத்தி. முதல் துணி கைக்குட்டை அளவில் இருக்கட்டும். விரித்து, ஓரங்களில் கல் வைத்துக் காயவிடுங்கள், சுருங்கப் பார்க்கும்.

சாயமும் அச்சும்

சாயங்களில் சில நமக்குப் பழக்கமானவை. ஓலெனா என்று அவர்கள் சொல்வது நம் மஞ்சள்தான். அதுவும் பாலினேசியத் தோணியில் வந்த செடி. பச்சைக் கிழங்கை இடித்துப் பிழிந்து பூசினால் பளிச்சென்று ஏறும், வெயில் பட்டால் அதே வேகத்தில் வெளுக்கும். சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்று ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும், ஆனால் அந்தச் சிவப்பும் நிற்காது. நிற்கும் சிவப்புக்கு நோனி மரத்தின் வேர்ப்பட்டை: அதன் மஞ்சள் சாற்றில் பவளத்தைச் சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்தார்கள். நோனி நம் நுணாவின் நெருங்கிய உறவு. கறுப்புக்குக் குக்குயி என்ற மரத்தின் கொட்டையை எரித்த புகைக்கரி, செம்மண் நிறத்துக்கு அலாயெயா என்ற மண்.

சாயம் பூசத் தாழம்பழத்தின் உலர்ந்த சுளையே தூரிகை. ஒரு முனை நார்நாராக விரிந்திருக்கும். கோலத்துக்கு மூங்கில் பிளாச்சின் முனையில் உள்பக்கமாகச் செதுக்கிய அச்சு, ஓஹே காப்பாலா. விரலகலம்கூட இராது. சாயத்தில் லேசாகத் தொட்டு, அதிகப்படியை வழித்துவிட்டு, வரிசையாக ஒற்றிக்கொண்டே போக வேண்டும். முதல் அச்சுக்கு நேர்கோடுகள் மட்டும் செதுக்குங்கள். அருங்காட்சியகத் துணியின் கோலத்தை அப்படியே படியெடுத்து விற்பனைக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சில கோலங்களோடு சில குடும்பங்களுக்கு உறவு உண்டு. ஆசிரியரைக் கேட்டுவிட்டுச் செதுக்குங்கள்.

துணியும் துண்டும்

கப்பாவைத் துவைக்க முடியாது, நனைந்தால் தளரும். அந்தக் காலத்தில் தேங்காயெண்ணெயோ குக்குயி எண்ணெயோ தடவி ஈரம் தாங்கவைத்தார்கள், சந்தனப் பொடியில் மணமேற்றினார்கள். நாம் சுருட்டி, வெயில் படாமல் வைத்தால் போதும். மடித்தால் மடிப்பில் நார் ஒடியும். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் ஒரு சீட்டு கட்டுங்கள்: எந்தத் தண்டு, எந்த மாதம் வெட்டியது, எத்தனை நாள் ஊறியது. அடுத்த வாளிக்கு அதுதான் பாடப்புத்தகம்.

கிழிசல்களையும் வெட்டிய ஓரங்களையும் குப்பையில் போடாதீர்கள். மறுபடி ஊறவைத்து அடித்தால் மறுபடி துணி. ஆலைத் துணி வந்த புதிதில் ஹவாய்ப் பெண்கள் கிழிந்த சிவப்புப் பருத்தித் துணியைப் பிரித்து நூல்நூலாக்கி, வெள்ளைக் கப்பாவோடு சேர்த்து அடித்தார்கள். இளஞ்சிவப்புத் திட்டுகளோடு புது வகைக் கப்பா ஒன்று பிறந்தது. அதற்குச் சாயமும் வேண்டாம், அச்சும் வேண்டாம். அடிக்கும் கை ஓரளவு பழகியதும் முயன்று பார்க்கத் தோதான துணி அது. ஒரு பழைய சிவப்புக் கைக்குட்டை போதும்.